பழைய கார் வாங்கும்போது சோதனை அறிக்கைகளில் எதைப் பார்ப்பது?

முதல்வண்டி:
ஒன்பது வருடம் ஓடிய ஒரு சின்ன பெட்ரோல் கார் பார்த்து வைத்திருக்கிறேன், இதுதான் என் முதல் வண்டி. விற்பவர் இதுவரை நடந்த வருடாந்திரச் சோதனை அறிக்கைகளைப் படமெடுத்து அனுப்பினார். மொத்தம் ஐந்து. மூன்றாம் வருடம் 38,200 கிலோமீட்டர், நான்காம் வருடம் 52,600, ஐந்தாம் வருடம் 66,400. ஆறாம் வருடத்து அறிக்கை இல்லை, "எங்கேயோ தொலைந்துவிட்டது" என்கிறார். ஏழாம் வருடம் 71,300, எட்டாம் வருடம் 74,000. இப்போது மீட்டரில் 76,500. ஒரு தடவை பின் பிரேக் சரியில்லை என்று தோல்வி, நாலு நாளில் சரிசெய்து மறுபடி காட்டி வாங்கியிருக்கிறார்கள். அந்தத் தோல்வியைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பயம். மற்றபடி எல்லாம் தேர்ச்சி. வாங்கலாமா?

சும்மாவந்தவன்:
தோல்வியை விடுங்கள், அது நல்லதுதான். பிரேக் போனது, பார்த்தார்கள், மாற்றினார்கள், தேதியோடு எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது கிலோமீட்டர்தான். முதலில் வருடத்துக்குப் பதினாலாயிரம் வாக்கில் ஓடியிருக்கிறது. அதே வேகத்தில் போனால் ஆறாம் வருடமே 80,000 தொட்டிருக்க வேண்டும். ஆனால் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே, இரண்டு முழு வருடத்தில், 4,900 மட்டும். அதுவும் சரியாக அந்த நடு அறிக்கைதான் காணவில்லை. இது உங்களுக்கு இடிக்கவில்லையா?

முதல்வண்டி:
கேட்டேனே. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம், அதற்கப்புறம் வண்டி வீட்டிலேயே நின்றதாம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

கிரீஸ்கை:
ஓய்வு பெற்றது உண்மையாகவே இருக்கலாம், அப்படி நின்ற வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் சந்தேகத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், வண்டியிடமே கேளுங்கள். ஒர்க்‌ஷாப்பில் இத்தனை வருடம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் படத்தை நம்ப வேண்டாம். உங்கள் ஊரில் வண்டி எண்ணைப் போட்டால் சோதனை விவரம் காட்டும் அரசுத் தளம் இருந்தால் நீங்களே போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் அசல் தாளைக் கேளுங்கள். தொலைந்த அறிக்கை அங்கே தொலைந்திருக்காது. அப்புறம் சேசிஸ் நம்பர். 17 எழுத்து, அதில் ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால். முன் கண்ணாடியின் அடியிலும் கதவுத் தூணில் ஒட்டிய லேபிளிலும் பதிவுச் சான்றிலும் அறிக்கையிலும் ஒரே எண்தானா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். சோம்பலாக இருக்கும், பாருங்கள்.

அறிக்கையில் தேர்ச்சி, தோல்விக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு பகுதி இருக்கும், 'கவனிக்க' என்றோ 'அறிவுரை' என்றோ. பணம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. உங்கள் வண்டிக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது?

முதல்வண்டி:
இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்காம், ஐந்தாம் வருடம் இரண்டிலும் 'முன் இடது லோயர் ஆர்ம் புஷ் தேய்மானம்'. ஏழில் அது இல்லை. எட்டில் 'அடிப்பாகம் பூச்சால் மூடப்பட்டுள்ளது' என்று ஒரு வரி.

கிரீஸ்கை:
புஷ் என்பது சக்கரத்தைத் தாங்கும் அந்தக் கீழ்க் கம்பியின் மூட்டில் இருக்கும் ரப்பர், அது தானாகக் குணமாகாது. மாற்றியிருந்தால் பில் இருக்கும், பில் இல்லையென்றாலும் கீழே குனிந்து டார்ச் அடித்தால் தெரியும்: புது ரப்பர் கறுப்பாக, ஓரம் கூர்மையாக இருக்கும், போல்ட் தலையில் ஸ்பேனர் பட்ட பளபளப்பு இருக்கும். பழைய வெடித்த ரப்பரே இருக்கிறதென்றால் ஏழாம் வருடம் சோதித்தவர் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம், அப்போது அந்த அறிக்கையின் மற்ற வரிகளையும் அதே கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

பூச்சு என்ற அந்த ஒரு வரி எனக்குப் பிடிக்கவில்லை. துருவைத் தடுக்கவும் பூசுவார்கள், துருவை மறைக்கவும் பூசுவார்கள். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள், நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் 'தொப்' என்று செத்த சத்தம் கொடுக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சோதனை என்பது அந்த ஒரு நாளின் நிலைமை. பிரேக், டயர், விளக்கு, ஸ்டியரிங், புகை இதையெல்லாம் பார்ப்பார்கள். கிளட்ச் இன்னும் எத்தனை நாள் தாங்கும், கியர்பாக்ஸ் எப்படி, டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள், இதெல்லாம் பொதுவாக அவர்கள் வேலை இல்லை. தேர்ச்சித் தாளைக் காட்டி "இன்ஜின் சூப்பர்" என்பவரிடம் சிரித்துவிட்டு பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.

சுட்டுக்கொண்டவன்:
நான் ஒரு தடவை மாட்டியவன். எல்லா அறிக்கையும் சுத்தம், ஒரு அறிவுரை வரிகூட இல்லை, அதையே பெருமையாக நினைத்து வாங்கினேன். பத்து வருட வண்டியில் ஒரு டயர்கூடத் தேயவில்லை என்றால் யாரோ உட்கார்ந்த இடத்திலிருந்தே தாளை நிரப்பியிருக்கிறார்கள் என்று அப்போது தோன்றவில்லை. பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்து ஒரு மூலையில் இரும்பு எட்டிப் பார்த்தது, அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் பணம் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து வேறொரு பழுதுக்கு ஸ்கேனர் போட்டபோது கியர்பாக்ஸ் கணினியில் மீட்டரைவிட அறுபதாயிரம் கூடுதலாகக் காட்டியது. சில வண்டிகளில் கிலோமீட்டர் மீட்டரில் மட்டுமல்ல, வேறு கணினிகளிலும் பதிவாகும். மீட்டரைக் குறைப்பவர்கள் எல்லாவற்றிலும் கைவைப்பதில்லை.

ஸ்கேனர் போடும்போது இதையும் பாருங்கள்: புகைக் கட்டுப்பாட்டுச் சுயசோதனைகள் 'முடியவில்லை' என்று பல வரிசையாக வந்தால், பேட்டரியைக் கழற்றியிருக்கலாம், அல்லது நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எச்சரிக்கை விளக்கை அழித்திருக்கலாம். இரண்டு மூன்று நாள் ஓட்டியபின் மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், முகம் சொல்லிவிடும்.

சும்மாவந்தவன்:
டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. அது கிலோமீட்டரோடு பொருந்துகிறதா என்று யோசியுங்கள்.

முதல்வண்டி:
இன்று போய் வந்தேன். டயர் நாலும் இரண்டு வருடத்துக்குள் செய்தவை, அதில் ஒன்றும் பிடிபடவில்லை. புஷ் புதிது, கிரீஸ்கை சொன்ன மாதிரியே போல்ட் தலை பளபளவென்று இருந்தது, அப்பாடா என்றிருந்தது. அடியில் தட்டினேன், சத்தமும் சரி. கிட்டத்தட்ட முன்பணம் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

பானெட்டைத் திறந்து டைமிங் பெல்ட் மூடியைப் பார்த்தேன். அதன் பக்கவாட்டில், ஒரு குழாய்க்குப் பின்னால், எண்ணெய் படிந்து ஒரு ஸ்டிக்கர். விரலால் துடைத்தேன். 'பெல்ட் மாற்றியது', பக்கத்தில் பேனாவில் 84,900, கீழே மாதமும் வருடமும். கணக்குப் போட்டால் ஐந்தாம் வருட அறிக்கைக்குப் பதினாறு மாதம் கழித்து. ஏழாம் வருட அறிக்கைக்கு முன்னால்.

விற்பவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு "அது பழைய பெல்ட்டோடது" என்றார். சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

கிரீஸ்கை:
ஸ்டிக்கரைப் படம் எடுத்தீர்களா?

முதல்வண்டி:
எடுத்தேன். அவர் குனிவதற்கு முன்னாலேயே.