நெய்யூர் சிகிச்சைக்கு நடுவே இரண்டு குகைக் கோயில்கள்

அம்மாவின் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகத் திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் வந்து தங்கியிருந்தோம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், அப்புறம் முடிவுக்காகக் காத்திருப்பது என்று நடுநடுவே சும்மா இருக்கும் நாட்கள் வந்தன. லாட்ஜ் அறையில் அம்மா சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பதைக் காணப் பொறுக்கவில்லை. வெளியே கூட்டிப் போகலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "தாராளமா போங்க, வெயிலும் ஏற்றமும் மட்டும் வேண்டாம்" என்றார்.

இங்கே குகைக் கோயில் என்றாலே எல்லாரும் மலைமேல் இருக்கும் சிதறாலைத்தான் சொல்கிறார்கள். நோயாளியோடு போவதானால் குலசேகரம் பக்கத்துத் திருநந்திக்கரைக்குப் போங்கள் என்பேன். மலையேற்றம் கிடையாது. பாறையைக் குடைந்த மண்டபத்துக்கு ஏற வேண்டியது சில படிகள்தான், அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டே ஏறிவிட்டார். உள்ளே நல்ல குளிர்ச்சி. சுவர் ஓவியங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன, மங்கிய கோடுகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இங்குள்ள ராஜராஜ சோழன் கல்வெட்டைப் பற்றி அம்மாவுக்குச் சொன்னேன். ஐப்பசி சதயத்தில் வரும் தன் பிறந்தநாள் விழாவுக்காக முட்டம் என்ற ஊரை மும்முடிச்சோழநல்லூர் என்று பெயர் மாற்றிக் கொடுத்தானாம். "பிறந்தநாளுக்கு ஒரு ஊரா!" என்று அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

வெளியே கல்லில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, அம்மாவின் முகம் வேர்த்திருப்பதைப் பார்த்துத் தன் பனையோலை விசிறியால் வீசத் தொடங்கினார். சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடியே போய்க் கும்பிடும் சிவாலய ஓட்டக்காரர்கள் கையில் இருக்குமே, அதே விசிறி. அந்தப் பன்னிரண்டில் திருநந்திக்கரைச் சிவன் கோயில் நாலாவது. "கோவிந்தா கோபாலா" என்று கூவிக்கொண்டு ராத்திரியில் வந்து சேர்கிறவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வீசினார். என்ன நோய் என்று கேட்கவே இல்லை. "சொகமாயிட்டு வா மக்ளே, அடுத்த ஓட்டத்துக்குப் பாப்போம்" என்றார்.

சிதறாலுக்கு நான் மட்டும் போனேன், தம்பி வந்து அம்மாவோடு இருந்த அன்று காலையில். மார்த்தாண்டத்திலிருந்து ஆட்டோ கிடைக்கிறது. கல் பாவிய பாதையில் நிதானமாக ஏறினால் மேலே பாறை முகத்தில் வரிசையாகச் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள். பாம்புப் படம் குடை பிடிக்கும் பார்சுவநாதரை எளிதில் கண்டுகொள்ளலாம். 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் காலத்தில் குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி இங்கே பொன்னணி கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. பின்னாளில் பகவதி கோயிலான பிறகும் அந்தச் சிற்பங்கள் அப்படியே இருப்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. நெய்யூர் ஆஸ்பத்திரி 1838இல் தொடங்கியது. 1922 எவரெஸ்ட் பயணத்தில் இருந்த சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர், அது முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது இங்கே வந்தார். காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தையும் ஒற்றை ஆளாகத் திணறிய டாக்டரையும் பார்த்துவிட்டு இங்கேயே பல ஆண்டுகள் வேலை செய்தார். இதைக் கேட்டதிலிருந்து அம்மா ஆஸ்பத்திரிக்குப் போக முன்போல் தயங்குவதில்லை.

கீமோ, ரேடியேஷன் நடக்கும்போது ஊர் சுற்ற நினைப்பவர்கள் முதலில் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். மாத்திரையும் தண்ணீரும் கையில் இருக்கட்டும், கோயில் நடை திறக்கும் நேரத்தை முந்தின நாளே விசாரித்து வையுங்கள்.