வேலூர் லாங்கு பஜாருக்குள் கார் விடலாமா? எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

நான், காலை 6:50
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் கொடுக்க ஒரு மனு எழுதுகிறேன். லாங்கு பஜார், மண்டித் தெரு, சுண்ணாம்புக்காரத் தெரு பக்கமெல்லாம் காலை 9 முதல் இரவு 9 வரை கார் உள்ளே வரக்கூடாது என்று கேட்கப் போகிறேன். மனத்தில் பட்டதை இங்கேயே சொல்லிவிடுங்கள்.

மண்டி மாமா, 7:05
மாப்பிள்ளை, எனக்கு இதில் சம்மதம் இல்லை. கல்யாணச் சாமான் வாங்குகிறவர்கள் காரில்தான் வருகிறார்கள். ஆரணி, அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தால் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று டிக்கி நிறைய ஏற்றிக்கொண்டு போகும். தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வா என்றால் நேராக பைபாஸ் பக்கத்துப் பெரிய கடைக்குப் போய்விடுவார்கள். நாங்கள் கடையைச் சாத்திக்கொண்டு போக வேண்டியதுதான்.

அத்தை, 7:14
அண்ணா, நேற்று ஆயாவுக்குக் கண்ணாடி மாற்ற பஜாருக்குக் கூட்டிப்போனேன். நடைபாதையில் கடைச் சாமான். அதற்கு வெளியே வரிசையாக பைக். அதற்கும் வெளியே ஒரு கார். ஓட்டி வந்தவர் இறங்கக்கூட இல்லை, கண்ணாடியை இறக்கிவிட்டுப் பூ விலை பேசிக்கொண்டிருந்தார். பின்னால் தெரு முழுக்க ஹாரன். ஒதுங்க இடமில்லாமல் ஆயா கால்வாய் மூடி மேல் காலை வைத்தார், அது ஆடுகிறது. அந்த நேரம் பார்த்து எதிரே வந்த பைக்கின் கைப்பிடி புடவையில் மாட்டி இழுத்தது. நான் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. 82 வயசில் இடுப்பு எலும்பு உடைந்தால் யார் பார்ப்பது?

அத்தை, 7:16
இன்னொன்று. 2021லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்து வந்து வாங்குகிற கூட்டம் எவ்வளவு என்று கடையில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கே தெரியும். காரில் வருகிறவர் மட்டும்தான் வாடிக்கையாளரா?

ஆட்டோ சித்தப்பா, 7:31
ஆட்டோவையும் சேர்த்துத் தடுப்பதாக இருந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிற ஜனம் மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து ராத்திரி பகலாக ரயிலில் உட்கார்ந்து காட்பாடியில் வந்து இறங்குகிறது. காந்தி ரோட்டிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் லாட்ஜ். ஆபரேஷன் முடிந்தவரைப் பெட்டி படுக்கையோடு தெருமுனையில் இறக்கிவிட்டு நட என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நான், 7:40
ஆட்டோ, ஆம்புலன்ஸ், நடக்க முடியாதவர் வரும் வண்டி, உள்ளே குடியிருப்பவர்களின் வண்டி எதையும் தொடவில்லை சித்தப்பா. 9 மணிக் கணக்கு டெல்லி சாந்தினி சவுக்கில் இருப்பது. 2021இல் செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை, சுமார் 1.3 கிலோமீட்டர், காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டி கூடாது என்றார்கள். சைக்கிள் ரிக்‌ஷா ஓடுகிறது. நம்மைப் போலவே மொத்த வியாபாரம் நடக்கிற இடம்தான் அது.

மண்டி மாமா, 7:52
டெல்லியில் மெட்ரோ இருக்கிறது. இங்கே என்ன இருக்கிறது? முதலில் கோட்டைக்கு எதிரே மாடி மாடியாக பார்க்கிங் கட்டட்டும், அப்புறம் பேசலாம்.

நான், 7:58
கோட்டை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது மாமா. அந்த எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பச் சட்டம் விடாது. சும்மா கிடக்கிற திறந்த வெளி ஏதாவது பார்த்து, அங்கிருந்து பேட்டரி வண்டி விடச் சொல்லலாம்.

கென்ட் அக்கா, 11:40
இப்போதுதான் எழுந்து எல்லாவற்றையும் படித்தேன். இங்கே பெல்ஜியத்தில் நான் இருக்கிற கென்ட் ஊரில் இதைத்தான் 2017 ஏப்ரல் 3ஆம் தேதி கொண்டு வந்தார்கள். நடு ஊரில் கார் இல்லாத பகுதியைப் பெரிதாக்கினார்கள். சுற்றியிருக்கிற இடத்தை ஆறு வட்டாரமாகப் பிரித்தார்கள். எந்த வட்டாரத்துக்கும் காரில் போகலாம், ஆனால் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நேராகப் போக முடியாது, வெளியே வட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வரவேண்டும். நடந்து போனாலும் சைக்கிளில் போனாலும் நேர்வழி. ஊருக்குள் ஒரு வேலையும் இல்லாமல் குறுக்குவழியாகப் புகுந்து போன கார்களைத்தான் முதலில் குறிவைத்தார்கள்.

கென்ட் அக்கா, 11:46
மாமா, உங்களுக்குத்தான் இது. கார் இல்லாத பகுதியிலும் சரக்கு வண்டி வரும், ஆனால் மாலை 6 முதல் மறுநாள் காலை 11 வரைதான். உள்ளே ஷெட் வைத்திருப்பவர், மாற்றுத்திறனாளி, வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் என்று தனித்தனி அனுமதி. நம்பர் பிளேட்டைக் கேமரா படித்துக்கொள்ளும், போலீஸ்காரர் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

மண்டி மாமா, 11:50
வியாபாரிகள் சும்மா விட்டார்களா?

கென்ட் அக்கா, 11:57
எங்கே மாமா! 1997இல் முதல் தடவை நடு ஊரில் காரை நிறுத்தியபோது மேயருக்குக் கொலை மிரட்டலே வந்தது. 2017லும் பெரிய சண்டை. அடுத்த வருஷம் தேர்தல் வந்தது, அதற்கு அப்புறமும் திட்டம் நின்றது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. வட்டச் சாலையோரம் குடியிருக்கிறவர்களுக்கு மனக்குறை உண்டு. உள்ளே குறைந்த வண்டியில் ஒரு பங்கு அவர்கள் வாசலுக்குப் போனது.

ஆட்டோ சித்தப்பா, மதியம் 12:10
அதுதான் விஷயம். நம் ஊருக்கு வட்டச் சாலை எது? அண்ணா சாலை, ஆற்காடு ரோடு இரண்டும் இப்போதே திணறுகிறது. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் சத்தம் போட்டுக்கொண்டு நிற்பதை நான் தினம் பார்க்கிறேன். பஜாரிலிருந்து துரத்துகிற காரை அங்கே கொண்டுபோய்க் கொட்டினால் நோயாளிதான் சாவான்.

நான், 12:22
சித்தப்பா சொன்னதை அப்படியே மனுவில் சேர்க்கிறேன். ஆஸ்பத்திரி முன்னால் எந்தப் பக்கமும் கார் நிறுத்தக் கூடாது, ஏற்றி இறக்கியதும் கிளம்ப வேண்டும். இது முதலில் நடக்காமல் பஜார்த் தடை வேண்டாம் என்றே எழுதுகிறேன். யாருக்கு வாசல் வரை வண்டி வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பிரிக்காமல் போடுகிற தடை, வசதி இல்லாதவர்களைத்தான் அடிக்கும்.

அப்புறம் ஒரு செய்தி. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 115ஆம் பிரிவில் இப்படித் தடை விதிக்க இடம் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் போகாத தடைக்கு அரசிதழில் அறிவிப்பு வேண்டாம், ஊரில் தெரியப்படுத்தினால் போதும். அதனால் ஒரு மாதம் சோதித்துப் பார்க்கச் சொல்லலாம். சரிவரவில்லை என்றால் மாமா சொன்னபடி விட்டுவிடலாம்.

மண்டி மாமா, 12:40
எந்த மாதம்? தீபாவளி, பொங்கல் பக்கம் வைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நான், 12:43
ஆடி மாதம்? கல்யாணம் கிடையாது, உங்களுக்கும் வியாபாரம் கம்மி.

கென்ட் அக்கா, 12:47
வியாபாரமே கம்மியான மாதத்தில் சோதித்தால் என்ன தெரியும்? காலியான தெருவைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். முகூர்த்த நாள் ஒன்றாவது அதில் இருக்க வேண்டும்.

அத்தை, 12:55
எந்த மாதமாக இருந்தாலும் அதற்கு முன்னால் கால்வாய் மூடியைச் சரி பண்ணச் சொல்லு கண்ணு. சென்னை பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையைத்தான் அகலமாக்கினார்கள், நான் போய்ப் பார்த்திருக்கிறேன், நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்க இடம் விட்டிருக்கிறார்கள். காரை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் பைக்கும் கடைச் சாமானும் வந்து உட்கார்ந்தால் ஆயாவுக்கு ஒரு லாபமும் இல்லை.

மண்டி மாமா, 1:20
சரி, யோசித்தேன். ஆடி பாதியில் ஆரம்பித்து ஆவணி பாதி வரை என்று போடு. முதல் முகூர்த்தத்திலேயே உண்மை தெரிந்துவிடும். லோடு இறக்க காலை 10 வரை வேண்டும். 9 மணி என்றால் மூட்டை தூக்குகிறவர்களுக்குப் பாதிக் கூலி போய்விடும், ஒவ்வொரு மூட்டைக்கும்தானே அவர்களுக்குக் காசு. வாடிக்கையாளர் வாங்கிய சாமானை பார்க்கிங் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கத் தள்ளுவண்டி வேண்டும், அதை மாநகராட்சி செய்யாவிட்டால் நாங்கள் கடைக்காரர்களே சேர்ந்து ஏற்பாடு பண்ணிக்கொள்கிறோம். இதெல்லாம் இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு மாதத்துக்குத்தான், அதற்கு மேல் கேட்காதே.

நான், 1:24
ஒரு மாதம்தான் மாமா. காலை 10 மணி என்றே மாற்றிவிட்டேன்.

ஆட்டோ சித்தப்பா, 1:31
பிரின்ட் எடுத்து சாயந்திரம் ஸ்டாண்டுக்குக் கொண்டு வா தம்பி. எங்கள் ஆட்களிடம் நான் வாங்கித் தருகிறேன். ஆட்டோவைத் தடுக்கவில்லை என்பதைக் கொட்டை எழுத்தில் போடு.