சிடி ஸ்கான் படங்களைச் சிறிதாக்கி அனுப்புவது எப்படி?

சுன்னாகத்தான்:
அப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்ததால் தலைக்கு சிடி ஸ்கான் எடுத்தோம். ரொறன்ரோவில் வைத்தியராக இருக்கும் பெரியம்மாவின் மகள் படங்களைத் தானும் பார்க்க வேண்டும் என்கிறார். இறுவட்டில் 200 எம்பிக்கு மேல் இருக்கிறது. வீட்டிலோ கைத்தொலைபேசி டேட்டா மட்டும்தான். சந்திக் கடைத் தம்பி எல்லாவற்றையும் ஜேபெக் ஆக்கி 15 எம்பிக்குள் கொண்டுவந்து தந்தார். என் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அக்காவோ, "இதை வைத்து ஒன்றும் சொல்ல மாட்டேன்" என்கிறார். என்னதான் குறைந்துவிட்டது?

கணினிப்பித்தன்:
ஜேபெக் தரவை இழக்கும். பிஎன்ஜி இழக்காது. அதில் சேமித்து ஸிப் செய்யுங்கள்.

பனங்கூடல்:
ஸ்கான் அறையிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன்: ஸ்கான் படங்களைத் திறந்து காட்டும் மென்பொருளிலிருந்து பிஎன்ஜியாக எடுத்தாலும் இதே கதைதான். இழப்பு அதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

சிடி படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் அளவீடு. தண்ணீர் 0, காற்று -1000, கெட்டி எலும்பு ஆயிரத்தையும் தாண்டும். 12 பிட்டில் மொத்தம் 4096 படிகள். சாதாரண ஜேபெக்கில் 256தான். எல்லாவற்றையும் அதற்குள் திணித்தால் ஒரு படிக்கு 16 அலகு வரும். மூளையின் சாம்பல் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் இடையே இருப்பதோ 10 அலகு அளவுதான். பக்கவாதத்தின் தொடக்கத்தில் மங்குவது அந்த நூலிழை வேறுபாடு. அதைத்தான் முதலில் பலி கொடுக்கிறோம்.

கடைத் தம்பி அப்படித் திணித்திருக்கமாட்டார். மூளை விண்டோவில் வைத்துச் சேமித்திருப்பார். விண்டோ என்பது எந்த அளவீடுகளை மட்டும் கறுப்பு முதல் வெள்ளை வரை பிரித்துக் காட்டுவது என்ற தெரிவு. அதில் 0 முதல் 80 வரைதான் தெரியும். அதற்கு மேலே உள்ளதெல்லாம் ஒரே வெள்ளை. விழுந்த மனிதரின் மண்டையோட்டில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அந்த வெள்ளைக்குள் புதைந்துபோகும். உங்கள் அக்கா எலும்பு விண்டோவுக்கு மாற்ற நினைத்தாலும் மாற்ற அங்கே எண்கள் இல்லை. ஒவ்வொரு படமும் காட்டும் குறுக்குத் துண்டின் தடிப்பு, அளவுகோல் ஆகியவையும் போய்விட்டன. போதாததற்கு, ஜேபெக் 8×8 கட்டங்களாகப் பிரித்து நுண்விவரத்தை மழிக்கிறது.

டைகொம் கோப்பாகவே, அதாவது இறுவட்டில் உள்ள மூல வடிவத்திலேயே அனுப்புங்கள். அதற்குள்ளேயே இழப்பில்லாச் சுருக்கம் இருக்கிறது: ஜேபெக்-எல்எஸ், ஜேபெக் 2000. பாதியாகவோ மூன்றிலொன்றாகவோ குறையும். விரித்தால் ஒரு பிட் பிசகாது. டிசிஎம்டிகே என்ற இலவசத் தொகுப்பு ஜேபெக்-எல்எஸ் சுருக்கத்தைச் செய்யும். கட்டளை அடிக்கப் பயமென்றால் வெறும் ஸிப் போதும், சற்றுக் குறைவாகச் சுருங்கும். வட்ஸ்அப்பில் படமாக அல்ல, ஆவணமாக அனுப்ப வேண்டும். அப்பாவின் பெயரும் பிறந்த திகதியும் கோப்புக்குள்ளேயே இருக்கும்; ஸிப் செய்து அதற்குக் கடவுச்சொல் போடுங்கள்.

கணினிப்பித்தன்:
அப்படியென்றால் இழப்புள்ள சுருக்கம் வைத்தியத்தில் அறவே கூடாதா, ஐயா?

பனங்கூடல்:
அப்படிச் சொல்லவில்லை, தம்பி. அளவோடு செய்யலாம். பிரித்தானிய கதிரியக்கவியல் வைத்தியர்களின் கல்லூரி கோப்பின் அளவை மார்பு எக்ஸ்ரேக்குப் பத்தில் ஒரு பங்கு, சிடிக்கு ஐந்தில் ஒரு பங்கு வரை குறைப்பதை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் மார்பக எக்ஸ்ரேயின் இறுதி அறிக்கையை அப்படிச் சுருக்கிய படத்தில் பார்த்து எழுத முடியாது. அதில் தேடும் சுண்ணாம்புத் துகள்கள் அவ்வளவு சிறியவை. மேலும், அப்படிச் சுருக்கினால் டைகொம் கோப்பே அதைத் தன் தொடக்கக் குறிப்பில் பதிந்து வைத்திருக்கும், படிப்பவருக்குத் தெரியும். கடை ஜேபெக் அதைச் சொல்லாது.

சுன்னாகத்தான் கவனிக்க: இறுவட்டில் பல தொடர்கள், அதாவது ஒரே ஸ்கானை வெவ்வேறு தடிப்பில் துண்டுகளாக்கிய பட அடுக்குகள் இருக்கும். 5 மி.மீ. தொடரில் ஏறத்தாழ 30 படங்கள், ஒவ்வொன்றும் அரை எம்பி. சுருக்காமலே அதே 15 எம்பிதான்!

சுன்னாகத்தான்:
அனுப்பிவிட்டேன், அண்ணா. அக்கா மூளையைப் பார்த்துவிட்டார், இரத்தக்கசிவு இல்லையாம். மெல்லிய எலும்புத் தொடரையும் கேட்கிறார், அது 150 எம்பி.

பனங்கூடல்:
அதை ஜேபெக்-எல்எஸ் ஆக்குங்கள். மெல்லிய துண்டில் இரைச்சல் (தாறுமாறான புள்ளிகள்) அதிகம், பாதிக்குக் கீழே இறங்காது. இரவு டேட்டாவில் போட்டுவிட்டுப் படுங்கள்.