ஆஃப்ஷோரில் காம்பினேஷன் ப்ராடக்ட் வேலை: மாறலாமா?

நாமக்கல்_மெக்கானிக்கல் கேட்டது:

வணக்கம். மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஓஎம்ஆரில் ஒரு இன்ஜினியரிங் சர்வீஸ் கம்பெனியில் இருக்கிறேன். கிளையன்ட் எல்லாம் அமெரிக்கா, கொஞ்சம் ஜெர்மனி. இதுவரை பார்த்தது எலும்பு ஆபரேஷன் கருவிகளுக்கான பேப்பர் வேலை. பழைய டிராயிங்கை எடுத்து வைத்துக்கொண்டு, கருவியால் என்ன ஆபத்து வரலாம் என்று பட்டியலிடும் ரிஸ்க் ஃபைலில் எங்கே ஓட்டை என்று தேடி அடைப்பது. ஐரோப்பாவில் எம்டிஆர் என்ற புது மருத்துவக் கருவிச் சட்டம் வந்த சமயத்தில் மலைமலையாக வந்தது இந்த வேலை. இப்போது வற்றிக்கொண்டு வருகிறது.

புதிதாக ஒரு ஆட்டோஇன்ஜெக்டர் ப்ராஜெக்ட் வந்திருக்கிறது. மருந்து அடைத்த கண்ணாடி சிரிஞ்ச், அதைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் கூடு. தொடையில் வைத்து அழுத்தினால் தானே குத்தி, தானே மருந்தை இறக்கும். மருந்தும் கருவியும் ஒன்றாக இருப்பதால் காம்பினேஷன் ப்ராடக்ட் என்கிறார்கள். மேனேஜர் என்னை அங்கே மாறச் சொல்கிறார்.

கேடி, அதாவது வேலையைக் கைமாற்றிச் சொல்லிக் கொடுப்பது, ஆரம்பித்துவிட்டது. சொல்லிக் கொடுக்கிறவர் கிளையன்ட் பக்கம் ரொம்ப காலமாக இதே வேலையில் ஊறியவர். எங்கள் டீம் கால் ஊன்றியதும் அவருடைய இடம் இருக்காது. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், வீடியோ காலில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் மனிதர் எதையும் ஒளித்து வைப்பதில்லை. ஒரு நாள் கேமரா முன்னால் பேனாவின் (ஆட்டோஇன்ஜெக்டரை அப்படித்தான் சொல்வோம்) மூடியைப் பிடுங்கிவிட்டு ஒரு ஸ்பாஞ்சுத் துண்டில் அழுத்திக் காட்டினார். ஒரு க்ளிக். கொஞ்சம் கழித்து இன்னொரு க்ளிக். "இரண்டாவது சத்தம் கேட்டதும் பாதிப் பேர் எடுத்துவிடுவார்கள். மருந்து அப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் ரிஸ்க் ஃபைலில் இது ஒரே ஒரு வரி" என்றார். எங்களிடம் அந்தப் பேனா ஒன்றுகூட இல்லை. சாம்பிள் கஸ்டம்ஸில் நிற்கிறது.

நான் கேட்க நினைப்பது: இந்தத் துறையில் இங்கே உட்கார்ந்துகொண்டே நிஜமான ஆளாக முடியுமா? இல்லை, இதுவும் எம்டிஆர் வேலை மாதிரி வந்து வடிந்துவிடுமா? அவரிடமிருந்து இன்று வாங்குவதை நாளை நான் இன்னொரு நாட்டுக்காரனுக்கு கேடி கொடுக்க வேண்டி வருமா?

பெஞ்ச்_வாசி எழுதியது:

வரும் ப்ரோ. மணிக்கு இத்தனை டாலர் என்று வந்த வேலை, அதைவிடக் குறைந்த டாலருக்குப் போகும். ஹைக் கேட்டு வாங்கிக்கொண்டு மாறிவிடு. கேடி கொடுக்கிறவருக்காக வருத்தப்பட்டால் அவருடைய சம்பளம் திரும்பி வரப்போவதில்லை.

மின்னியாபொலிஸ்_மதுரைக்காரி எழுதியது:

தம்பி, நான் இந்த மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவள். பெங்களூரில் சர்வீஸ் கம்பெனியில் ஆரம்பித்து, இப்போது இங்கே மருந்து கம்பெனிப் பக்கம் இருக்கிறேன். ஒரு வேலையை எந்த ஊருக்கு அனுப்பலாம் என்று பேசும் கூட்டங்களில் நானும் இருப்பேன். மேலே சொன்ன நண்பர் டாலரை மட்டும் பார்க்கிறார். டாலர் முக்கியம்தான், ஆனால் அது மட்டுமே முடிவு செய்வதில்லை.

முதலில் உன் எம்டிஆர் வேலை ஏன் வற்றுகிறது என்று பார். அது கெடு வைத்து வந்த வேலை. பழைய ஃபைல்களைப் புதுச் சட்டத்துக்கு ஏற்றபடி சரிசெய்து முடித்தால் தீர்ந்தது. ஆட்டோஇன்ஜெக்டர் அப்படி இல்லை. மருந்தின் செறிவைக் கூட்டினால் பிசுக்கு கூடும், ஸ்பிரிங் போதாது. சிரிஞ்ச் சப்ளையர் மாறினால் உள்ளே தடவிய சிலிகான் எண்ணெயின் அளவு மாறும், பிஸ்டன் நகர வேண்டிய விசை மாறும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குத்தினால் ஒரு நேரம், அரை மணி வெளியே வைத்துக் குத்தினால் வேறு நேரம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் யாராவது உட்கார்ந்து, இதனால் எந்த டெஸ்ட்டைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று யோசித்தாக வேண்டும். மருந்து மார்க்கெட்டில் இருக்கும்வரை இந்த வேலை இருக்கும்.

அப்புறம், இங்கே இரண்டு உலகம் ஒரே பெட்டிக்குள் இருக்கிறது. அமெரிக்காவில் மருந்துக்கும் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ இதற்கென்றே 2002-இல் தனி அலுவலகம் வைத்தது. ஒரு பொருளின் முதன்மைச் செயல் மருந்தால் நடக்கிறதா, கருவியால் நடக்கிறதா என்று பார்த்து எந்தப் பிரிவு பரிசீலிக்கும் என்று முடிவு செய்வார்கள். 2003-இல் அனுமதி பெற்ற சைஃபர் ஸ்டென்ட்டில் சிரோலிமஸ் மருந்து பூசியிருந்தது. ஆனாலும் ரத்தக்குழாயைத் திறந்து வைப்பது கம்பி வலைதான் என்பதால் கருவிப் பிரிவுக்குப் போனது. உன் பேனாவில் வேலை செய்வது மருந்து, அதனால் மருந்துப் பிரிவு. ஆனால் மருந்துப் பிரிவுக்குப் போனதால் கருவி விதிகள் போய்விடாது. 2013-இல் வந்த பார்ட் 4 விதிப்படி மருந்து கம்பெனியும் டிசைன் கண்ட்ரோல் (வடிவமைப்பைப் படிப்படியாகச் சரிபார்த்துப் பதிவு செய்வது), சப்ளையர் கண்ட்ரோல், காப்பா (தவறைத் திருத்தி, திரும்ப வராமல் தடுப்பது) எல்லாம் காட்ட வேண்டும். மாத்திரையும் குப்பியும் செய்து பழகிய மருந்து கம்பெனிகளுக்கு டிசைன் கண்ட்ரோல் என்பது இன்றைக்கும் வேண்டா விருந்தாளி. அந்த இடத்தில்தான் உன்னைப் போன்ற மெக்கானிக்கல் ஆளுக்கு மதிப்பு.

எந்த வேலை அங்கே நகராது என்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் விற்கப்போகும் பேனாவின் கடைசிக்கட்ட ஹியூமன் ஃபேக்டர்ஸ் சோதனைக்கு (பயனர்கள் கருவியைச் சரியாகப் பயன்படுத்துகிறார்களா என்று பார்ப்பது) வருகிறவர்கள் அமெரிக்காவில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும் என்று எஃப்டிஏ எதிர்பார்க்கிறது. ஒவ்வொரு பயனர் பிரிவிலும் குறைந்தது 15 பேர். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, முடக்குவாதத்தில் விரல் கோணிப்போன ஒரு அம்மா மூடியைப் பல்லால் கடித்து இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். டிராயிங்கில் மூடி கழற்றும் விசைக்கு ஒரு எண் இருந்தது, டெஸ்ட்டில் பாஸ். அந்த அம்மாவுக்கு அது பாஸ் இல்லை. இந்த அறை சென்னைக்கு வராது. ஆனால் இந்த அறையில் நடந்ததை வைத்து மூடியை மாற்றுகிற வேலை வரலாம், வந்துகொண்டும் இருக்கிறது.

இன்னொன்று பொறுப்பு. மருத்துவக் கருவிகளுக்கான தர நிர்வாகத் தரநிலை ஐஎஸ்ஓ 13485:2016-இல் 4.1.5 பிரிவைப் படித்துப் பார். வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு கொடுத்தவரிடமே இருக்கும், எழுத்தில் தர ஒப்பந்தம் வேண்டும் என்று இருக்கிறது. 2026 பிப்ரவரியிலிருந்து அமெரிக்கக் கருவி விதியும் இந்த ஐஎஸ்ஓவையே அடிப்படையாக எடுத்துக்கொண்டுவிட்டது. உங்கள் கம்பெனிக்கும் கிளையன்டுக்கும் நடுவே உள்ள அந்த ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படி. உன் டீம் பெயர் "தயாரித்தவர்" என்ற கட்டத்தில் மட்டும் இருக்கிறதா, "பரிசீலித்தவர்" கட்டத்திலும் இருக்கிறதா என்று பார். தயாரித்தவர் மட்டும் என்றால் பெஞ்ச்_வாசி சொன்னது நடக்கும்.

கேடி கொடுக்கிறவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் வேலையை நீ பறிக்கவில்லை, அதை முடிவு செய்த அறையில் நீ இல்லை. ஆனால் அவர் இருக்கும்போதே டாக்குமென்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டு நேரத்தை வீணாக்காதே. இந்த எண்ணை ஏன் இப்படி வைத்தீர்கள், முதலில் எதை வைத்துத் தோற்றீர்கள் என்று கேள். தோற்ற கதை எந்த ஃபைலிலும் முழுதாக இருக்காது.

பழைய_பிபார்ம் எழுதியது:

அக்கா சொன்னதோடு மருந்துப் பக்கத்திலிருந்து கொஞ்சம். நான் சிரிஞ்ச் நிரப்பும் ஆலையில் இருக்கிறவன். மெக்கானிக்கல் ஆட்கள் எங்களிடம் வந்தால் ஸ்பிரிங், விசை, டாலரன்ஸ் என்றே பேசுவார்கள். உள்ளே இருப்பது புரதம் சார். அது தண்ணீர் மாதிரி சும்மா இருக்காது. கண்ணாடி சிரிஞ்சில் ஊசித் துளை போட டங்ஸ்டன் கம்பி வைப்பார்கள். அதன் துகள் மிச்சம் இருந்தாலே சில புரதங்கள் திரிந்து கட்டி கட்டும். சிலிகான் எண்ணெய்த் துளியும் அப்படித்தான்.

ரத்த சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனின் செயற்கை வடிவம் எபோயெட்டின். ஐரோப்பாவில் அந்த ஊசியில் 1998-இல் நிலைப்படுத்தியை (புரதம் கெடாமல் வைக்கும் பொருள்) மாற்றினார்கள். மனித ஆல்புமினுக்குப் பதில் பாலிசார்பேட் 80. அடுத்த சில வருடங்களில் சில சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்த சிவப்பணு உற்பத்தியே நின்றுபோனது. அவர்கள் உடலே எரித்ரோபொயட்டினுக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கிவிட்டது. காரணமாகச் சொல்லப்பட்டவற்றில் ஒன்று, பூச்சு இல்லாத ரப்பர் அடைப்பானிலிருந்து புது நிலைப்படுத்தி சில பொருட்களைக் கரைத்து இழுத்தது என்பது. பிறகு பூச்சுள்ள அடைப்பான் வந்தது. மருந்துக்காரர் மாற்றியது மருந்துக் கலவையை, பிரச்சினை வந்ததாகச் சந்தேகப்பட்டது ரப்பரில். இந்த மாதிரி இரண்டு பக்கமும் பேசத் தெரிந்த ஆள் இன்று சென்னையிலும் கிடையாது, பெங்களூரிலும் விரல் விட்டு எண்ணலாம். ஸ்டெபிலிட்டி டேட்டா, அதாவது மருந்து நாளாக நாளாக எப்படி மாறுகிறது என்ற சோதனை விவரம், படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். யாராலும் உங்களை எளிதில் தூக்க முடியாது.

நாமக்கல்_மெக்கானிக்கல் எழுதியது:

ரொம்ப நன்றி அக்கா, சார். ஒப்பந்தத்தைக் கேட்டேன். மேனேஜர் ஒரு மாதிரி பார்த்தார், ஆனாலும் காட்டினார். நாங்கள் "தயாரித்தவர்" மட்டும்தான். பரிசீலனை முழுக்க அங்கே. லேப் பற்றி ஒரு வரி இருக்கிறது: இரண்டாம் கட்டத்தில் சென்னையில் விசை சோதிக்கும் இயந்திரம் வைக்கப்படும் என்று. தேதி இல்லை. இந்த நிலையில் மாறலாமா?

மின்னியாபொலிஸ்_மதுரைக்காரி எழுதியது:

மாறு, ஆனால் கேட்டுவிட்டு மாறு. அந்த இயந்திரத்துக்கு பர்ச்சேஸ் ஆர்டர் போட்டாயிற்றா என்று கேள். போட்டிருந்தால் கிளையன்ட் சென்னையில் பணத்தை இறக்குகிறார் என்று அர்த்தம், அவ்வளவு சீக்கிரம் கிளம்ப மாட்டார். போடவில்லை என்றால் இரண்டாம் கட்டம் என்பது பவர்பாயின்ட்டில் மட்டும் இருக்கிறது. அப்போதும் போகலாம். எஃப்டிஏவுக்கு ஒரு விண்ணப்பச் சமர்ப்பிப்பு முழுதாக முடிகிறவரை இருந்து கற்றுக்கொண்டு, மருந்து கம்பெனியின் சொந்த சென்டருக்கோ பழைய_பிபார்ம் இருக்கிற மாதிரி நிரப்பும் ஆலைக்கோ தாவு. ஐரோப்பாவுக்கும் அதே பேனா போகிறதா என்று பார். 2021 மே மாதத்திலிருந்து எம்டிஆரின் 117-ஆம் பிரிவுப்படி கருவிப் பகுதிக்கு நோட்டிஃபைடு பாடியின் (கருவிகளைச் சோதித்துச் சான்று தரும் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு) கருத்தும் மருந்து விண்ணப்பத்தோடு போக வேண்டும். அந்த ஃபைலை எழுதத் தெரிந்தால் ஜெர்மன் கிளையன்ட்டே உன்னைக் கூப்பிடுவார்.

கஸ்டம்ஸில் நிற்கும் சாம்பிள் மருந்து இல்லாத ட்ரெய்னரா (பழகிப் பார்க்கும் பேனா), மருந்தோடு வந்ததா? மருந்தோடு என்றால் இறக்குமதி அனுமதி வேறு கணக்கு, லேசில் வராது. ட்ரெய்னர் மட்டும் தனியாக அனுப்பச் சொல்லி அந்தக் கேடி மனிதரிடமே கேள். அவர் இருக்கும்போதே.

பெஞ்ச்_வாசி எழுதியது:

பர்ச்சேஸ் ஆர்டர் பாயின்ட் நல்லா இருக்கு அக்கா. நானும் என் ப்ராஜெக்ட்டில் கேட்டுப் பார்க்கிறேன்.