பெர்முடாவின் கஹாவ்: எங்கள் குடும்பக் குழுவில்

கயல்: எல்லோரும் இந்த நேரலையைப் பாருங்கள். பெர்முடாவின் நன்சச் தீவில், கஹாவ் என்ற கடற்பறவையின் குஞ்சு. பொந்துக்குள் கேமரா வைத்திருக்கிறார்கள். இன்னும் சில நாளில் பறந்துவிடும்.

பெரியம்மா: பஞ்சு மூட்டை மாதிரி இருக்கிறதே! தாய் எங்கே கயல்?

கயல்: கடலில், பெரியம்மா. அப்பா பறவையும் அங்கேதான். இரவில் மட்டும் வந்து இரை ஊட்டிவிட்டுப் போகும். கடைசி நாட்களில் அதையும் நிறுத்திவிடும்.

சேகர் சித்தப்பா: இது அழிந்துபோன பறவை என்று படித்த ஞாபகம்.

கயல்: 300 வருடத்துக்கு மேல் உலகமே அப்படித்தான் நம்பியது, சித்தப்பா. ஒரு காலத்தில் இரவில் இதன் கூச்சலைக் கேட்ட மாலுமிகள் பெர்முடாவைப் பேய்த்தீவு என்று பயந்தார்கள். 1612-ல் ஆங்கிலேயர் குடியேறினார்கள். எலி வந்தது, பஞ்சமும் வந்தது. மனிதரைக் கண்டு பயப்படாத பறவை, கையாலேயே பிடித்துத் தின்றார்கள். 1620-களோடு கண்ணில் படவே இல்லை.

அருண்: அப்புறம் எப்படிக் கிடைத்தது?

கயல்: 1951-ல் மர்ஃபி, மௌப்ரே என்ற இருவர் சின்னச் சின்னப் பாறைத் தீவுகளில் தேடினார்கள். கூடவே டேவிட் விங்கேட் என்ற 15 வயதுப் பையன். கழி நுனியில் சுருக்கு மாட்டி, பாறை இடுக்கிலிருந்து ஒரு கஹாவை வெளியே எடுத்தார்கள். விங்கேட் அதன்பின் வாழ்நாளையே இதற்குக் கொடுத்துவிட்டார். எண்ணிப் பார்த்ததில் சுமார் 18 ஜோடிதான்!

சேகர் சித்தப்பா: மனிதரே இல்லாத பாறைத் தீவில் அதற்கு என்ன ஆபத்து?

கயல்: அது மண்ணில் வளை தோண்டும் பறவை. அங்கே மண்ணே கிடையாது, பாறைப் பொந்தில் ஒண்டியது. அதே பொந்துக்கு லாங்டெயில் என்ற இன்னொரு கடற்பறவையும் வரும். தனியாக இருக்கும் குஞ்சைக் கொன்றுவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு அவர்கள் செய்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும். பொந்து வாசலில் ஒரு மரப்பலகை, அதில் கஹாவின் உடம்பு மட்டும் நுழையும் அளவுக்கு ஓட்டை. லாங்டெயில் சற்றே பருமன், உள்ளே போக முடியாது. ஒரு பலகை ஓர் இனத்தைக் காப்பாற்றியிருக்கிறது!

பெரியம்மா: லாங்டெயிலுக்கும் வீடு வேண்டாமா?

கயல்: அதற்கும் தனியாகச் செயற்கைக் கூடுகள் செய்து வைத்திருக்கிறார்கள், பெரியம்மா.

அருண்: இப்போது எத்தனை ஜோடி?

கயல்: 150-க்கு மேல். வருடத்துக்கு ஒரே முட்டை, நடுவில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியின் பாதிப்பு வேறு. அதனால்தான் இத்தனை காலம். 2003-ல் ஃபேபியன் புயல் அந்தப் பாறைத் தீவுகளைப் புரட்டிப் போட்டது. அடுத்த வருடமே குஞ்சுகளை உயரமான நன்சச்சுக்குக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். பறப்பதற்கு முந்தைய இரவுகளில் வெளியே வந்து எந்த இடத்தைப் பார்க்கிறதோ, சில வருடம் கழித்து அங்கேதான் திரும்பி வரும். 2009-ல் நன்சச்சில் முதல் குஞ்சு பொரிந்தது.

பெரியம்மா: இது எப்போது வெளியே வரும்?

கயல்: இருட்டிய பிறகு. அங்கே இரவு ஒன்பது என்றால் நமக்கு விடியற்காலை ஐந்தரை. பொந்துக்கு வெளியே சிறகடித்துப் பழகும்.

பெரியம்மா: சரி, அலாரம் வைத்துவிட்டேன். சேகர், நீயும் எழுந்திரு.