அந்த மெக்சிக்கோ நாடகத்தில் மரியானாவுக்குப் பிள்ளை கிடைக்கிறதா?

மல்லாவிப் பேத்தி:

வணக்கம். 1979இல் மெக்சிக்கோவில் எடுத்த ‘பணக்காரரும் அழுவார்கள்’ நாடகத்தை (ஸ்பானிய மொழியில் ‘லோஸ் ரிக்கோஸ் தம்பியேன் யோரான்’) முழுதாகப் பார்த்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

இரவு சாப்பிட்ட பிறகு நானும் அம்மம்மாவும் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து யூடியூப்பில் பார்ப்போம். கீழே ஓடும் ஆங்கில வரிகளை நான் தமிழில் சொல்ல வேண்டும். கொஞ்சம் பிந்தினால், “கெதியாச் சொல்லு பிள்ளை, அவள் கதைச்சு முடிச்சிட்டாள்” என்று ஏசுவா.

போன கிழமை அந்தக் கட்டம் வந்தது. புருஷனோடு பிரச்சினைப்பட்டுத் தனியே பிள்ளை பெற்ற மரியானா, புத்தி கலங்கி, லொத்தர் விற்கும் ஒரு மனிசியின் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அம்மம்மா போனை நிற்பாட்டச் சொல்லிவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டா.

என் மாமா 2009இலிருந்து வீட்டுக்கு வரவில்லை. கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 மாசியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் போராட்டம் தொடங்கியதிலிருந்து, உடம்பு ஏலுமான நாட்களில் அம்மம்மாவும் பஸ் ஏறிப் போய் அங்கே இருப்பா. மாமாவின் படத்தைச் சீலைத் துண்டில் சுற்றித்தான் கொண்டு போவா.

அடுத்த நாள் காலை தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டா, “அந்தப் பிள்ளை கிடைச்சதோ?” மிச்சப் பகுதிகளுக்கு ஆங்கில வரிகள் இல்லை. முடிவு கெட்டதாக இருந்தால் இதோடு நிற்பாட்டிவிடலாம் என்று இருக்கிறேன். அப்புறம், அந்த நடிகைக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றும் கேட்கிறா.

வவுனியா பழைய மாணவன்:

பிள்ளை, நிற்பாட்ட வேண்டாம். கிடைக்கிறான்.

சோவியத் உடைந்த நேரம் நான் மொஸ்கோவில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். 1991 கடைசியில் இந்த நாடகம் அங்கே தொடங்கியது. 1992 தையில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். பாணுக்குக் கியூ, பாலுக்குக் கியூ. ஆனால் நாடக நேரத்துக்குத் தெரு வெறிச்சோடிவிடும். எங்கள் விடுதி வாசலில் திறப்புக் கோர்வையோடு ஒரு கிழவி இருப்பா. யாரையும் பெயர் பதியாமல் உள்ளே விடமாட்டா. மரியானா அழுகிற நேரம் மட்டும் யார் போனாலும் வந்தாலும் பார்க்கமாட்டா, மூக்கைச் சிந்திக்கொண்டு இருப்பா. எனக்கு அப்போது ஊரிலிருந்து கடிதம் வந்து எட்டு மாதம். நானும் அவவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு இருந்து பார்த்தேன். அந்த வருடமே, மரியானாவாக நடித்த வெரோனிகா காஸ்த்ரோ மொஸ்கோவுக்கு வந்தார். அவரைப் பார்க்கச் சனம் அலைமோதியது.

கதைக்கு வருகிறேன். மகன் பெயர் பெத்தோ. அந்த மனிசியே அவனைத் தன் பிள்ளையாக, ஏழ்மையில், பாசமாக வளர்க்கிறாள். மரியானா வருடக்கணக்காகத் தேடுகிறாள். அவன் இளந்தாரியான பிறகுதான் கண்டுபிடிக்கிறாள். ஆனால் தாய் என்று சொல்லப் பயந்து, சும்மா தெரிந்தவள் போலப் பழகுகிறாள். புருஷன் லூயிஸ் அல்பேர்த்தோ அதைப் பிழையாக விளங்கிச் சந்தேகப்படுகிறான். கடைசியில் உண்மை வெளியே வருகிறது.

பரந்தன் அக்கா:

தங்கச்சி, அம்மம்மாவிடம் சொல்லுங்கோ, வெரோனிகாவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவர் கிறிஸ்டியன் காஸ்த்ரோ, 1974இல் பிறந்தவர், பெரிய பாடகர். தகப்பன் மனுவல் வால்டெஸ் என்ற நகைச்சுவை நடிகர். அவர் இவர்களோடு இருக்கவில்லை. கலியாணம் கட்டாமல், 22 வயதில் கைக்குழந்தையோடு நடித்து உழைத்துத்தான் வெரோனிகா அவரை வளர்த்தார். அந்தக் காலத்து மெக்சிக்கோவில் சனம் என்னென்ன கதைத்திருக்கும் என்று நாங்கள் ஊரில் இருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

வெரோனிகா மெக்சிக்கோ நகரில் 1952 ஐப்பசியில் பிறந்தவர். நடித்துக்கொண்டே பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் படித்தார். மரியானாவாக நடிக்கும்போது வயது 27தான், இளந்தாரி மகனுக்குத் தாயாக நடித்துவிட்டார்! பெத்தோவாக வந்த கியேர்மோ கபெத்தியோ அவரைவிட ஆறு வயதுதான் இளையவர். அதே ஆள்தான் 1987இல் ‘ரோசா சல்வாஹே’ நாடகத்தில் அவருக்குச் சோடி. இதை அம்மம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

மரியானா நாடகத்தின் தொடக்கப் பாட்டைப் பாடியதும் வெரோனிகாதான். அந்த நாட்டு நாடகங்களில் காதுக்குள் ஒரு சின்னக் கருவி வைத்து வசனத்தைச் சொல்லிக்கொடுப்பார்கள். கிழமையில் ஐந்து நாள் ஓடுகிற நாடகத்துக்கு வசனம் பாடமாக்க எங்கே நேரம்? காதில் ஒரு குரல் கேட்டுக்கொண்டிருக்கும்போது கண்ணில் அந்த அழுகையைக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. 2004இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வெரோனிகா யானையிலிருந்து விழுந்து முதுகெலும்பில் பலத்த அடி. அதற்குப் பிறகும் 2018இல் ‘லா காசா தெ லாஸ் ஃப்ளோரெஸ்’ தொடரில் வீட்டுத் தலைவியாக வந்தார்.

மல்லாவிப் பேத்தி:

ஐயா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று இரவு சொன்னேன். யானைக் கதைக்கு “ஐயோ, பாவம்” என்றா. பெத்தோ கிடைத்ததைச் சொன்னபோது ஒன்றும் கதைக்கவில்லை, பாக்கு வெட்டிக்கொண்டே இருந்தா. கன நேரம் கழித்து, “வளர்த்தவளிட்டை இருந்து அவனைப் பறிச்சவளோ?” என்று கேட்டா.

ஐயா, அந்த மனிசிக்கு என்ன நடந்தது? இன்று இரவு சொல்ல வேண்டும்.

வவுனியா பழைய மாணவன்:

சொல்லு பிள்ளை, மரியானா அவளைப் பகைக்கவில்லை. தன் பிள்ளையை வளர்த்த கை என்று மதித்துத்தான் நடந்தாள்.