ஸாக்கிந்தோஸ் தீவுல படகெடுத்துச் சுத்தினவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கடல்பித்தன்:
மராத்தோனிசி தெரியும்ல, லகனாஸ் வளைகுடாவுல இருக்கிற ஆமைத் தீவு. கெரி ஏரித் துறையில 30 ஹெச்பி படகு எடுத்தோம், 30 ஹெச்பி வரைக்கும் கிரீஸ்ல லைசென்ஸ் கேக்க மாட்டாங்க. குகை, தண்ணியோட நிறம் எல்லாம் போட்டோவுல பார்த்திருப்பீங்க, அதை விடுங்க. திரும்பி வர்றப்ப நடந்ததுதான் இன்னும் உறுத்துது.

ஒரு பெருந்தலை ஆமை. அதைச் சுத்தி ஆறேழு படகு. மூச்சு வாங்க மேல வந்துச்சு, மூக்கு மட்டும் வெளிய தெரிஞ்சு 'புஸ்'ஸுன்னு ஒரு சத்தம். அந்த நேரம் பார்த்து, கண்ணாடித் தரை போட்ட பெரிய படகு ஒண்ணு நேரா அது மேலயே திரும்பவும், பாதி மூச்சோட உள்ள போயிடுச்சு. முதுகு ஓட்டுல குறுக்கால ஒரு பழைய வெட்டு, ப்ரொப்பெல்லர் கிழிச்சதாத்தான் இருக்கணும், பாசி ஏறிக் கிடந்துச்சு. அந்தப் பெரிய படகுக்காரர் மைக்ல "இடது பக்கம் பாருங்க, இடது பக்கம்"னு சொல்லிட்டே இருந்தார். எங்க கண்ணு முன்னாடி அந்த ஆமை மறுபடி மேல வரவே இல்ல.

லண்டன்_வாசுகி:
நாங்கள் ஆமை பார்க்கப் போகேல்லை, உடைஞ்ச கப்பல் ஒண்டு கிடக்கிற நவாஜியோ கரைக்குத்தான் போனனாங்கள். முந்திப் போன ஆக்கள் கப்பலுக்குப் பக்கத்தில படுத்திருந்து எடுத்த படம் எல்லாரிட்டையும் இருக்கு. 2018 செப்டம்பரில மலை உடைஞ்சு விழுந்து, அந்த அலையில படகுகள் கவிண்டது. 2023இல இருந்து கரையில இறங்கவே விடுறேல்லை. எங்கட படகும் தள்ளித்தான் நிண்டது.

1980இல தரைதட்டின அந்தக் கப்பல் துருவேறி, மணலுக்குள்ள பாதி தாண்டு கிடக்கு. ஆனா எனக்கு நினைவில நிக்கிறது கப்பல் இல்லை. எஞ்சினை நிப்பாட்டிக் கொஞ்ச நேரத்தில, மேல பாறையில வெள்ளைப் புழுதி ஒண்டு எழும்பினது. சத்தம் பிறகுதான் வந்தது. நீந்திக் கரைக்குப் போகப்போறன் எண்டு சேட்டைக் கழட்டிக்கொண்டு நிண்ட பெடியன் ஒருத்தன், ஒண்டும் பேசாமல் திரும்பவும் போட்டுக்கொண்டு இருந்திட்டான். அம்மா "திருப்பச் சொல்லு பிள்ளை" எண்டா.

திருச்சி_மாலுமி:
கடல்பித்தன் தம்பி, கொஞ்சம் ஓவரா இருக்கு. ஆமை அரைமணி நேரம்கூட முங்கிக் கிடக்கும், ஒரு மூச்சு போனா ஒண்ணும் ஆயிடாது. கோடையில நாலு காசு பார்த்தாத்தான் அந்த ஊர்க்காரனுக்குக் குளிர்காலம் ஓடும். நான் போனப்ப படகுக்காரர் ஒழுங்கா எட்ட நிறுத்திக் காட்டிட்டு, சீக்கிரமே கிளம்பிட்டார். என் கதை அவ்வளவுதான்.

போறவங்களுக்குச் சொல்றேன். ஸ்டியரிங் பக்கத்துல சிவப்புச் சுருள் கயிறு ஒண்ணு தொங்கும், அதை மணிக்கட்டுல மாட்டாம எஞ்சினைத் தொடாதீங்க. ஆள் தண்ணியில விழுந்தா எஞ்சினை நிறுத்துறது அதுதான். மதியத்துக்கு மேல வடமேற்குக் காத்து ஏறும், மைஸ்ட்ரோன்னு சொல்வாங்க. போறப்ப முதுகுல தள்ளிவிட்டு சுகமா இருக்கும், வர்றப்ப மூஞ்சியில அறையும். அதனால காலையிலயே முடிச்சுடுங்க. நங்கூரத்தை வெளிர் மணல் பார்த்துப் போடுங்க. கருப்பாத் தெரியறது கடற்புல், அதுல சரியாப் பிடிக்காது, புல்லும் நாசமாகும். படகை எடுக்கறதுக்கு முன்னாடியே ப்ரொப்பெல்லரை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைங்க, பாறையில இடிச்சா பெரும்பாலும் இன்சூரன்ஸ் கைவிரிச்சிடும். லகனாஸ் வளைகுடா 1999லிருந்து தேசியக் கடல் பூங்கா. மே முதல் அக்டோபர் வரைக்கும் ஆமை முட்டையிடுற செகானியா கரைப் பக்கம் படகே போகக்கூடாது, போகலாம்னு விட்ட இடத்துலயும் 6 நாட் (மணிக்கு சுமார் 11 கிலோமீட்டர்) வேகம்தான். கூழாங்கல் கரைக்கு ரப்பர் செருப்பு. தண்ணி ரெண்டு மடங்கு எடுத்துக்குங்க.

கடல்பித்தன்:
அண்ணே, தூங்குற ஆமை அரைமணி முங்கும், சரி. படகு துரத்துற ஆமைக்கு அந்தக் கணக்கு செல்லுமா? நான் பொழப்பைக் கெடுக்கச் சொல்லல. உங்க படகுக்காரர் செஞ்ச மாதிரி செய்யட்டும்னுதான் சொல்றேன்.

ஊர்சுத்தி_மீனா:
மராத்தோனிசியில இறங்கினா கடலை ஒட்டின மணல்ல மட்டும்தான் உக்காரணும், மேல மணலுக்குள்ள ஆமை முட்டை இருக்கும். எங்க பக்கத்துல ஒருத்தர் கயித்தைத் தாண்டிப் போய்க் குடையை நட்டுட்டார். காவலுக்கு இருந்த பொண்ணு ஓடி வந்துச்சு, கத்தவே இல்ல. ரெண்டு கையாலயும் குடைக் கம்பியை மெதுவா உருவி, நுனியை விரலால தடவி மோந்து பார்த்துச்சு. மஞ்சக்கரு ஒட்டியிருக்கான்னு பார்த்ததாம். அந்த மணல்ல சூடு குறைவு, அதனால மத்த கரைகளைவிட அங்கதான் ஆண் குஞ்சு அதிகமாப் பொரியும்னு அப்புறம் சொல்லுச்சு. குடைக்காரர் அதுக்குள்ள இடம் மாறிட்டார், ஸாரிகூடச் சொல்லல.

மாலுமி அண்ணா, ஒரு சந்தேகம். அந்தச் சின்னப் படகுல பெரியவங்க நாலு பேரும் குழந்தைங்க ரெண்டும் ஏறலாமா?

திருச்சி_மாலுமி:
எத்தனை பேர்னு படகுலயே எழுதி ஒட்டியிருக்கும்மா, படகுக்குப் படகு மாறும். குழந்தையையும் ஒரு ஆளாத்தான் எண்ணுவாங்க. குழந்தை சைஸ் லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு முந்தின நாளே கேட்டு வைங்க, துறையில வந்து கேட்டா பெரியவங்களோடதைத்தான் நீட்டுவாங்க.